ஆங்கிலேய வீட்டின் கல் நடை

அந்த வீட்டை, சுவிஸ் நகரமான லாங்கன்தாலில், எல்லோரும் ஆங்கிலேய வீடு என்றே சொன்னார்கள். கட்டியவர் ஆங்கிலேயர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கத்தில் லினன் துணி நெய்து விற்ற ஒரு முதலாளி. இளம் வயதில் வியாபாரம் பழக இங்கிலாந்துக்குப் போனவர், அங்கே நாட்டுப்புறத்தில் ஒரு பழைய மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். திரும்பி வந்து கையில் பணம் சேர்ந்ததும், அதே போல ஒன்று தனக்கும் வேண்டும் என்று வரைபடங்களை அங்கிருந்தே தருவித்தார். கல் மட்டும் இந்த ஊர்க் கல். பச்சை கலந்த சாம்பல் நிற மணற்கல். யன்னல்களின் கல் சட்டங்களை விரலால் தேய்த்தால் மணல் உதிரும். இங்கிலாந்துக் கல்லுக்கு வரைந்த மெல்லிய வளைவுகள் எல்லாம் இந்த ஊர் மழையில் மழுங்கிப் போயிருந்தன.

அந்த வீட்டில் என் அண்ணா இறந்தார். அவரை வீட்டின் எந்த இடத்தில் கிடத்தினோம் என்பது பற்றி எங்கள் சனத்துக்குள் இன்னமும் ஒரு முறுமுறுப்பு உண்டு. முடிவு எடுத்தவள் நான். ஏன் அப்படி எடுத்தேன் என்று சொல்வதென்றால் வீட்டின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். நான் கட்டடப் படவரைஞர். எனக்கு அந்த ஒழுங்கில்தான் சொல்ல வரும்.

வீட்டின் முகப்பு வடக்குப் பார்த்தது. வாசல் நடுவில் இல்லை. சற்றுக் கிழக்கே தள்ளி, இரண்டு மாடி உயரத்துக்குக் கல்லால் ஒரு வாசற்கூடு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குள்தான் கதவு. கதவைத் திறந்தால் நேரே மண்டபத்துக்குள் போக முடியாது. வீட்டின் குறுக்கே, வடக்கிலிருந்து தெற்காக, கல் பாவிய நடை ஒன்று ஓடுகிறது. அதன் மறு முனையில் தோட்டத்துக் கதவு. இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் முன்வாசலில் நிற்பவருக்குத் தோட்டத்துப் பனி தெரியும். நடைக்கு இடப்பக்கம் மூன்று சிறிய கதவுகள். ஒன்று பானங்கள் வைக்கும் அறைக்கு, ஒன்று ரொட்டியும் மேசைத் துணிகளும் வைக்கும் அறைக்கு, நடுவில் இருப்பது குசினிக்குப் போகும் வழி. வலப்பக்கம் உச்சி வரை செதுக்கிய ஓக் மரத் தடுப்பு. அந்தத் தடுப்பில் இரண்டு வாசல்கள். அவற்றுக்கு அப்பால் மண்டபம்.

மண்டபத்துக்கு மேல் மாடி இல்லை. கூரையின் மர வளைவுகள் வரை ஒரே உயரம். தடுப்புக்கு மேலே வாத்தியக்காரர் இருக்க ஒரு சின்ன மாடம். மேற்கு முனையில் நிலம் ஒரு படி உயர்ந்திருக்கும். பழைய ஆங்கிலேய மாளிகைகளில் எசமான் சாப்பிட இருக்கும் இடம் அதுவாம். அதன் பக்கத்தில் வெளியே புடைத்து நிற்கும் பெரிய யன்னல், நிலத்திலிருந்து கூரைவரை கண்ணாடி. குசினிப் புகையும் கதவுக் காற்றும் வராத தூரத்தில் எசமான். அவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் வேலைக்காரர். "இந்த மாதிரி வீடுகளுக்கு ஒரு மேல் முனையும் ஒரு கீழ் முனையும் உண்டு," என்று எனக்கு வேலை தந்த கட்டடக் கலைஞர் சொன்னார். "யார் எந்த இடத்தில் நிற்கலாம் என்பதை வீடே சொல்லிவிடும்."

நடை கீழ் முனை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா அந்த வீட்டின் ஹவுஸ்வார்ட். என்றால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் முதலில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார், பிறகு இந்த வேலை கிடைத்தது. வீட்டுக்காரப் பெண்மணி, லினன் முதலாளியின் பேத்தி, சூரிச்சில் இருந்தார். விடுமுறைக்கு மட்டும் வருவார். மற்ற நாட்களில் அந்தப் பெரிய வீட்டில் அண்ணா தனியே. குசினிக்கு மேலே இரண்டு அறை அவருக்கு. நான் வந்ததும் அதில் ஒன்று எனக்கு.

ஊரில், யாழ்ப்பாணத்தில், நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்திருந்தேன். நான் வந்த இரண்டாவது இலையுதிர் காலத்தில் வீட்டுக்காரப் பெண்மணி வீட்டை விற்கவோ மாற்றிக் கட்டவோ நினைத்தார். எதைச் செய்வதானாலும் முதலில் இருக்கிற வீட்டை அளந்து படம் வரைய வேண்டும். அதற்காக வந்த கட்டடக் கலைஞரிடம் என் சான்றிதழைக் காட்டினேன். அவர் ஒரு யன்னலை வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். மணித்தியாலக் கூலிக்கு வேலை தந்தார். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் அண்ணா.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இருவரும் அந்த வீட்டை அளந்தோம்.

"நீ என்ன, வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறியோ?" என்பார்.

"மூலைக்கு மூலை பிடியுங்கோ அண்ணா. குறுக்காலயும் எடுக்கவேணும்."

"ஏன், வெள்ளைக்காரன் கட்டினதில நம்பிக்கை இல்லையோ?"

"கீறினதுதான் இங்கிலாந்துக்காரன். கட்டினது இந்த ஊர் மேசன்."

"அப்ப ரெண்டுதரம் அள."

மண்டபத்தை அளக்கத் தொடங்க முன் அண்ணா வாசலில் நின்று எங்கள் இருவரின் சப்பாத்துகளையும் கழற்ற வைத்தார். என்னுடையதையும், கட்டடக் கலைஞருடையதையும். கட்டடக் கலைஞரின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. அந்த நிலம் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

ஓக் பலகை நிலம். இடைவெளி தெரியாமல் இறுக்கிப் பொருத்தியது, தேன்மெழுகு ஏற்றி ஏற்றிப் பழுத்த நிறம். அண்ணா வந்த முதல் குளிர்காலத்தில், யாரோ பெரிய யன்னலின் ஒரு கதவைச் சாத்தாமல் விட்டுப் போக, பனி உள்ளே வந்து உருகியிருக்கிறது. பலகைகள் நீரைக் குடித்து ஒன்றையொன்று நெருக்கி, கூடாரம் போல எழும்பிவிட்டன. தச்சர் வந்து பார்த்து, கழற்றி எறியத்தான் வேண்டும் என்றார். அண்ணா கேட்கவில்லை. மெல்ல மெல்ல உலரவிட்டு, கற்களைப் பாரம் வைத்து, கோடை முடிவதற்குள் பலகைகளைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த மண்டபத்துக்குள் ஈரத் துணிகூடப் போனதில்லை. ஊரில் அண்ணா ஒரு கடையில் கணக்கெழுதியவர். மரத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அந்த நிலத்தைப் பற்றி மட்டும் தெரியும்.

பெப்ரவரியில் ஒரு காலை. நான் என் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் அண்ணா கொதிகலனை மூட்ட, சூடேற்றும் குழாய்கள் டொக்டொக்கென்று தட்டும். அன்று தட்டவில்லை. விரல்கள் விறைத்துப் பேனா பிடிக்க முடியாமல் போனதும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அண்ணா கொதிகலன் அறையில் விறகுக் குவியலில் சாய்ந்து இருந்தார். தீப்பெட்டி மடியில் இருந்தது. இதயம் என்றார் மருத்துவர். நாற்பது ஆகவில்லை.

நான் அழவில்லை. என் தலை தானாகவே பட்டியல் போடத் தொடங்கியது. வீட்டுக்காரப் பெண்மணிக்குத் தொலைபேசி. கெமைன்ட என்ற ஊராட்சி அலுவலகத்தில் பதிவு. லாங்கன்தால் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தந்தி. வேட்டி. நல்லெண்ணெய். மஞ்சள். பச்சை அரிசி. அப்படி ஒன்றன்பின் ஒன்றாக. பட்டியல் முடிந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் இன்னும் இன்னும் சேர்த்துக்கொண்டே போனேன்.

அக்கா எங்களுக்குச் சொந்தம் இல்லை. லாங்கன்தாலில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி. எங்களுக்கு முதல் வந்தவர்கள் என்பதால் அந்தப் பகுதித் தமிழ்ச் சனத்தின் நல்லது கெட்டதெல்லாம் அவர்கள் வீட்டில்தான் தீர்மானமாகும். இரண்டு பேரும் உடனே வந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தந்தி அடித்தது அக்காவின் கணவர்தான். யாழ்ப்பாணத்தில் அப்போது ஊரடங்கு. தந்தி எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. சுவிசில் அண்ணாவுக்கு இரத்த உறவு என்று நான் ஒருத்திதான்.

மத்தியானம் வீட்டுக்காரப் பெண்மணி சூரிச்சிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் கையைப் பிடித்தபடி, எனக்கு விளங்கவேண்டும் என்று ஜெர்மனை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அண்ணாவை நகரத்துப் பிணவறைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. தகனம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். மண்டபத்தில், பெரிய யன்னலுக்குக் கீழே. "என் அப்பா கிடந்த இடத்தில்," என்றார்.

நான் நன்றி சொன்னேன். அக்காவுக்குத் தமிழில் சொன்னதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியே, மனுசியின்ர மனசை."

"சுவிசில ஒரு தமிழனை இப்பிடி ஒரு ஹோலில ஆர் கிடத்தியிருக்கினம்?" என்றார் அக்காவின் கணவர். "ஊஸ்டரில இருந்து பொடியள் வருவாங்கள். ஒருத்தனிட்ட நல்ல கமரா கிடக்கு. படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். கொம்மா பாக்கட்டும், தன்ர பிள்ளை எப்பிடிப் போனவன் எண்டு."

அதுதான் எங்கள் வழக்கம். செத்தவீட்டுக்கு வரமுடியாதவர்களுக்குப் படம் போகும். வெளிநாட்டில் இறந்த மகனை அந்தத் தாய் காண்பது அந்தப் படத்தில்தான்.

நான் மண்டபத்துக்குள் போய், காலுறையோடு, யன்னலுக்குக் கீழே நின்று பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. அண்ணாவின் முகத்தில் விழும் வெளிச்சத்தைக்கூட என்னால் கணிக்க முடிந்தது. பிறகு நிலத்தைப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. பிரேதம் வாசல் தாண்டினால் வீட்டைக் கழுவ வேண்டும். ஆண்கள் சுடலைக்குப் போவார்கள், பெண்கள் வெளிக்கதவுப் படலையோடு திரும்பி வந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பிரேதம் கிடந்த இடத்திலிருந்து வாசல்வரை கழுவித் தள்ளுவார்கள். கழுவாத வீட்டில் உலை வைக்க மாட்டார்கள்.

"தெளிச்சால் போதாதோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெளிக்கிறதோ? இதென்ன கல்யாண வீடே பன்னீர் தெளிக்க? கழுவத்தான் வேணும். செத்தவீடு கழுவாமல் விட்டது எண்டு ஆரும் கேட்டிருக்கினமோ?"

நான் திரும்பி வந்து மேசையில் இருந்து யோசித்தேன். மண்டபத்தில் கிடத்திக் கழுவாமல் விடலாம். அண்ணாவுக்குச் செய்ய வேண்டியது ஒன்று குறையும். மண்டபத்தில் கிடத்திக் கழுவலாம். அண்ணா கற்களை ஏற்றிப் படுக்கவைத்த பலகைகளின் மேல் நாங்களே தண்ணீரை ஊற்றுவோம். பிணவறைக்கு அனுப்பலாம், அந்த இடத்தை யாரோ மருந்து போட்டுத் துடைப்பார்கள், கழுவ எங்களை விடமாட்டார்கள். மிஞ்சியது நடை. கல் நிலம். தண்ணீருக்குப் பயம் இல்லை.

"நடையில கிடத்துவம்," என்றேன்.

அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உனக்கென்ன பிள்ளை, விசரோ? ஹோல் தாறன் எண்டு அந்த மனுசி தன்ர வாயால சொல்லுது. நீ குசினிக் கதவடியில கிடத்தப் போறன் எண்டுறாய். கொண்ணன் என்ன, வழியில செத்த ஆடோ மாடோ?"

"அந்த நிலத்தில தண்ணி படக்கூடாது அக்கா."

"நிலம் பெரிசோ, கொண்ணன் பெரிசோ?"

"அது அண்ணாவின்ர நிலம்."

"அவன்ர நிலமோ? அவன் மெழுகு பூசினவன், அவ்வளவுதான். சும்மா விசர்க்கதை கதையாதை."

அக்காவின் கணவரைப் பார்த்தேன். அவருக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "அண்ணை, ஹோல் கிழக்கு மேற்கு. நடை தெற்கு வடக்கு. தெற்க தலை வச்சால் கால் நேர முன்வாசலுக்கு இருக்கும். தூக்கினால் அப்பிடியே வெளிய போகலாம். ஹோலில இருந்து எண்டால் ரெண்டு இடத்தில பெட்டியைத் திருப்பவேணும்."

அவர் எழுந்துபோய் நடையில் நின்று ஒரு கதவையும் மறு கதவையும் பார்த்தார். கையை நீட்டித் திசை பிடித்தார். "திசை சரிதான்," என்றார். "பிள்ளை சொல்லுறது சாத்திரப்படி பிழையில்லை."

"சாத்திரம்!" என்றார் அக்கா. "கொம்மா படத்தில திசையையோ பாக்கப் போறா?"



வீட்டுக்காரப் பெண்மணிக்குச் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மன் கட்டட ஜெர்மன். தூண், விட்டம், சுவர்த் தடிப்பு எல்லாம் சொல்வேன். துடக்கு, சாவுத் தீட்டு, என்பதற்குச் சொல் இல்லை. பிறகு தண்ணீர், நிறையத் தண்ணீர், பெண்கள், என்று சொன்னேன். அவர் நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நடையைச் சுட்டி, "இங்கே வேலைக்காரர்தான் நிற்பார்கள். இன்றைக்கு அவர் வேலைக்காரர் இல்லை," என்றார். சொன்ன பிறகு அவர் முகம் சிவந்துவிட்டது. மற்ற நாட்களில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவருக்கு நல்ல மனது. நான் மண்டப நிலத்தைக் காட்டி, "அவர் இதை மிகவும் கவனித்தார்," என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து அந்த நிலத்தைப் பார்த்தார். விளங்கியதா என்று தெரியவில்லை. "உங்கள் விருப்பம்," என்றார்.

செத்தவீட்டன்று பனி உருகத் தொடங்கியிருந்தது. லாங்கன்தாலில் இருந்து நடந்தும், ஊஸ்டரில் இருந்து காரிலும், ரெனானில் இருந்து ரயிலிலும் சனம் வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் வாசற்கூட்டில் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். கல் நடையில் காலுறையோடு நிற்பது பனிக்கட்டியில் நிற்பது போல இருந்தது. பெட்டியை இரண்டு மரத் தாங்கிகளில் வைத்திருந்தோம். இரு பக்கமும் ஆள் நின்றால் மற்றவர் கடந்து போக வழி இல்லை. வந்தவர்கள் ஒற்றை வரிசையில் முன்வாசலால் வந்து, பெட்டியை உரசிக்கொண்டு நகர்ந்து, தோட்டத்துக் கதவால் வெளியேறிச் சேற்றில் நின்றார்கள். மரத் தடுப்பின் வாசல்களால் காலியாகக் கிடந்த மண்டபத்தை எட்டிப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கு."

"விடமாட்டன் எண்டிட்டினமாக்கும்."

"இல்லையாம். தங்கச்சிக்காரிதான் வேண்டாம் எண்டவளாம்."

"படிச்ச பிள்ளையளே இப்பிடித்தான்."

எனக்குக் கேட்கும்படியாகத்தான் கதைத்தார்கள். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்றேன்.

அக்காவின் கணவர் இறந்தவருக்குத் தமையன் ஸ்தானத்தில் நின்று கிரியைகளைச் செய்தார். பாட்டோடு சுண்ணப்பொடி இடிக்க உரல் இல்லை. குசினியில் இருந்த சலவைக்கல் உரலைக் கொண்டுவந்தோம். அந்த உரல் சின்னது. அதன் சத்தமும் சின்னது. பறை இல்லை. பாட்டுப் படித்த ஒருவருக்கு நடுவில் மறந்துபோய், தொடங்கிய இடத்துக்கே திரும்பப் போனார். வாய்க்கரிசி போடும்போது என் கை பெட்டியின் விளிம்பில் இடித்து அரிசி கல்லில் சிந்தியது. அதைப் பொறுக்க வேண்டும் என்று குனிந்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

படம் எடுக்க வந்த ஊஸ்டர்க்காரருக்கு இடம் போதவில்லை. நடை அகலம் குறைவு. பெட்டியும் ஆட்களும் ஒன்றாக வருவதற்கு அவர் பின்னால் பின்னால் போய்த் தோட்டத்துப் பனிக்குள் இறங்கி நின்றார். பிளாஷ் குளிரில் வேலை செய்யவில்லை. "பரவாயில்லை, வாசல் வெளிச்சம் காணும்," என்றார். முன்வாசல் அகலத் திறந்திருந்தது. வெளியே முழுக்கப் பனி வெளிச்சம்.

தூக்கினார்கள். திருப்பம் இல்லாமல், ஒரே நேராக, கால் முன்னால் வாசற்கூட்டைக் கடந்து போனார். அந்த வகையில் நான் போட்ட கணக்குப் பிழையாகவில்லை.

பெண்கள் நாங்கள் மர வரிசைக்கு ஊடாக இரும்புப் படலைவரை நடந்தோம். வீட்டுக்காரப் பெண்மணியும் கூட வந்தார். ஆண்களின் கார்கள் வளைவில் மறைந்ததும், நாங்களும் அடுத்த காரில் போகப்போகிறோம் என்று நினைத்துத் தன் காரின் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் போவதில்லை என்று சொன்னேன். "நீங்களுமா? அவருடைய தங்கையா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் அந்தக் கதவை மூட நெடுநேரம் எடுத்தார். தானும் போகவில்லை. எங்களோடு திரும்பி வந்தார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். "வாளியளைக் கொண்டாங்கோ. தும்புத்தடி எங்க?" இரண்டு நாளாக என்னோடு நேராகக் கதைக்காதவர், முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு, "உன்ர கல்லு நிலத்தில இப்ப ஊத்தலாமோ, எஞ்சினியர்?" என்றார்.

"ஊத்துங்கோ அக்கா."

ஊற்றினார். அடுத்தவரும் ஊற்றினார். தண்ணீர் முன்வாசலுக்கு ஓடவில்லை. தோட்டத்துக் கதவுக்கும் ஓடவில்லை. கல்லின் நடுவே ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு வலப்பக்கம் திரும்பி, மரத் தடுப்பின் வாசலை நோக்கி, மண்டபத்தை நோக்கிப் போனது. அந்த நடையின் நீளத்தையும் அகலத்தையும் மூலைவிட்டங்களையும் நான் எடுத்திருந்தேன். மட்டம் எடுக்கவில்லை. எத்தனையோ காலம் குசினியிலிருந்து எசமான் மேசைக்குச் சாப்பாடு சுமந்தவர்களின் கால்கள் அந்த வாசலடிக் கற்களைத் தேய்த்துப் பள்ளமாக்கியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். தண்ணீருக்குத் தெரிந்தது.

"ஐயோ, அங்கால போகுது!" என்று நான் கத்தினேன். அந்த மூன்று நாளில் அதுதான் நான் போட்ட முதல் சத்தம்.

"தும்புத்தடியைப் போடு, தடு!"

"அந்தப் பக்கத்து வாசலுக்கும் போகுதடி!"

பெண்கள் முழங்காலில் விழுந்தார்கள். ஒருத்தி தன் குளிர்கோட்டைக் கழற்றிக் குறுக்கே போட்டாள். இன்னொருத்தி சால்வையை. அது போதவில்லை. கோட்டின் கீழால் நீர் கசிந்து ஓக் நிலைப்படியைத் தொட்டது. அப்போது வீட்டுக்காரப் பெண்மணி துணி அறைக் கதவைத் திறந்தார். உள்ளே அவர் பாட்டனார் நெய்வித்த மேசை விரிப்புகள், மடித்து நாடாவால் கட்டி, தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. மார்போடு அணைத்து ஒரு கட்டுக் கொண்டுவந்து இரண்டு வாசல்களிலும் போட்டார். திரும்பவும் போய் இன்னொரு கட்டு.

"ஐயோ மனுசி, வெள்ளைத் துணியெல்லோ!" என்று அக்கா அவர் கையைப் பிடித்தார். "பிள்ளை, வேண்டாம் எண்டு சொல்லு. இது செத்தவீட்டுத் தண்ணி."

நான் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி கறுப்பு உடுப்போடு கல்லில் முழங்காலிட்டு, விரிப்புகளை நிலைப்படியோடு அழுத்திக்கொண்டிருந்தார். ஏன் நடை என்று நான் சொல்ல முடியாமல் போனது அவருக்கு அப்போது விளங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்து, "இதற்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த மனுசிக்கும் விசர்," என்றார் அக்கா, தானும் பக்கத்தில் முழங்காலிட்டுக்கொண்டு. "கொண்ணன் இப்ப நிண்டிருந்தால் எங்கள் எல்லாருக்கும் அடிதான்." யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அழுகையாக மாறுவதற்கு நேரம் எடுக்கவில்லை. நான் ஈரத் துணிகளைத் தாண்டி மண்டபத்துக்குள் போனேன். ஈரமான காலுறைகளை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனேன். பலகைகளின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அங்கேயே இருந்து அழுதேன். அக்கா வரவில்லை, என்னைத் தனியே விட்டார். வெளியே தும்புத்தடி கல்லில் உரசும் சத்தமும், தண்ணீரை முன்வாசலுக்குத் தள்ளும் சத்தமும் கேட்டன.

அடுத்த ஆண்டு வீடு கைமாறியது. வாங்கியவர்கள் அதைக் கூட்டங்கள் நடத்தும் விடுதியாக மாற்றினார்கள். படங்களை நான் வேலை செய்த கட்டடக் கலைஞரின் அலுவலகமே வரைந்தது. மண்டபத்துக்கு நிலத்தின் கீழே சூடேற்றும் குழாய்கள் வேண்டும் என்றார்கள். அதற்கு ஓக் பலகைகளைக் கழற்ற வேண்டும். இந்த நாட்டில் கட்டட வரைபடத்தில் ஏற்கெனவே இருப்பதற்குக் கறுப்பு, புதிதாகக் கட்டுவதற்குச் சிவப்பு, அகற்றுவதற்கு மஞ்சள். அந்தத் தாளை வேறு யாராவது வரையட்டும் என்றார் கட்டடக் கலைஞர். நானே வரைகிறேன் என்றேன். மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒரே சீராக, மஞ்சள் பூசி முடித்தேன். அண்ணா பாரம் வைத்த பலகைகள் எவை என்று எனக்குத் தெரியும். மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்ட ஒரு நிறமும் இல்லை.

செத்தவீட்டுப் படங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேரப் பல மாதம் ஆனது. அம்மா எழுதினார். படம் கிடைத்தது. சனம் நிறைய வந்திருக்கிறது, சந்தோஷம். வாசல் நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. பிள்ளையின்ர முகம் மட்டும் தெரியேல்லை, இருட்டாய்க் கிடக்கு. வேற படம் இருந்தால் அனுப்பு.

வேறு படம் இல்லை. கமராக்காரர் எடுத்த எல்லாவற்றிலும் அதே இருட்டு. பெரிய யன்னலுக்குக் கீழே கிடத்தியிருந்தால் முகம் தெரிந்திருக்கும். அது எனக்குத் தெரியும். எத்தனை தரம் யோசித்தாலும் திரும்பவும் நான் நடையையே சொல்வேன் என்பதும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து, நல்ல தாளில், அந்த நடையை அம்மாவுக்காக வரைந்தேன். இரண்டு கதவுகள், மரத் தடுப்பு, மூன்று சிறு கதவுகள். நடுவில் நீள்சதுரமாகப் பெட்டி. தலை இருந்த பக்கத்தில் தெற்கு என்று தமிழில் எழுதினேன். நான் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நீள்சதுரத்துக்குள் என்ன வரைவது என்று தெரியாமல் நெடுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் படிப்பில் முகம் வரையச் சொல்லித் தரவில்லை. வெறுமையாகவே விட்டு, உறையில் போட்டு ஒட்டினேன்.